ஓட இடம்

ஒரே நாளில் விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்த ஐந்து பேர்.
விருப்பமா என்று யாரும் கேட்கவில்லை, அது வேறு கதை.
மாதம் ஒரு ஞாயிறு லூர்துமேரி வீட்டு மாடியில் படம்.
போன தடவை சிரித்துச் சிரித்து
தையல்நாயகிக்கு விலா பிடித்துக்கொண்டது.
இந்தத் தடவை என் முறை.
மருமகன் கொடுத்த பென்டிரைவை
என்ன படமென்று சொல்லாமல் நீட்டினேன்.

கொடியில் ஒரு வெள்ளைப் போர்வை.
அதில் மலை.

நீடாமங்கலத்தில் மலை கிடையாது.
வந்த புதிதில், எட்டு வயதில்,
"இந்த ஊருல எது மேல ஏறுறது?" என்றேனாம்.
அப்பா, ரைஸ்மில்லில்
மூட்டை அடுக்கைக் காட்டினாராம்.

முப்பத்து நாலு வருஷம் இவர்களோடுதான்
காதில் ஹெட்போனை மாட்டி உட்கார்ந்திருந்தேன்.
சிங்கப்பூர், துபாய், மஸ்கட்,
யார் யாருக்கோ லைன் போட்டுக் கொடுத்தேன்.
அட்டனுக்கு ஒன்றுகூட இல்லை.
அங்கே யாரிடமும் நம்பர் இல்லை.
சொந்த ஊர் கேட்டால்
"மண்டபம் பக்கம்" என்பேன்.
முகாமில் நாற்பது நாள் கிடந்தோம்,
முழுப் பொய் இல்லை.

படத்தில் ஒரு கிழவர்
அழுகைக் கோச்சி என்கிறார்.
"கோச்சின்னா?" என்றாள் ஹபீபா.
"ரயிலு."
யோசிக்குமுன் வாய் சொல்லிவிட்டது.
நாலு முகமும் போர்வையை விட்டு
என் பக்கம் திரும்பின.

அப்புறம் என்ன, சொன்னேன்.
தாயகம் திரும்பியோர் என்று சீல் குத்திய தாளை.
திரும்ப வேண்டுமானால் போயிருக்க வேண்டும்;
போனவர் அப்பாவின் தாத்தா,
அவர் திரும்பவில்லை.
தாளில் ஐந்து பெயர். நாங்கள் ஆறு பேர்.
அண்ணன் துரைசிங்கம்
அந்த நாட்டுத் தாளில்.
மூணாறு தலைப்பில் ஷட்டரை இறக்கி
வெண்ணாற்றுக்கு இவ்வளவு, பாமணிக்கு இவ்வளவு என்று விடுவார்களே,
தண்ணீரிடம் கேட்டா?

கோச்சி நகர்ந்தபோது
என் ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி
பிளாட்பாரம் முடியுமட்டும் அண்ணன் ஓடிவந்தான்.
இதைச் சொல்லித்தான் பிள்ளைகளுக்குச் சோறூட்டினேன்.

அதே ஸ்டேஷன் இப்போது போர்வையில்.
அதே பெயர்ப்பலகை.
தகரப்பெட்டி மேல் தகரப்பெட்டி,
சாக்பீஸ் நம்பர்,
கம்பளித் தொப்பிக்குள் ஒரு குழந்தை.
எறும்பு நுழைய இடமில்லாத கூட்டம்.
வண்டி நகர்கிறது.
யாரும் ஓடவில்லை.
நட்டு வைத்தது போல் நிற்கிறார்கள்,
கை மட்டும் மேலே.

அப்படியென்றால் நான் பார்த்தது எதை?
அம்மா சொல்லச் சொல்லப் பார்த்ததையா?
டூரிங் டாக்கீஸில் எவனோ ஒரு கதாநாயகன் ஓடியதை
அண்ணனுக்குப் போட்டுக்கொண்டேனா?

கீழே கேட் போட்டுவிட்டார்கள்.
பஸ், லாரி, டூவீலர், எல்லா ஹார்னும் ஒன்றாக.
நெல் ஏற்றிய சரக்கு வண்டி
அவசரமில்லாமல் போனது.
மாடி அதிர, போர்வை அதிர,
அட்டன் கூட்டம் கொஞ்சம் அசைந்தது.

"திரும்பப் போடு," என்றாள் தையல்நாயகி.
போட்டார்கள்.
"இன்னொரு தரம்."

நாலாம் தடவை வேதவல்லி எழுந்து
கண்ணாடியை மாற்றிக்கொண்டு
போர்வைக்கு ஒட்ட நின்றாள்.
அவள் முதுகிலும் கொண்டையிலும் பாதிக் கூட்டம்.
வலது ஓரத்தில் விரல் வைத்தாள்.
"இங்க பாரு. இந்தப் பொம்பளைக்கும் தூணுக்கும் நடுவுல.
ஒல்லிப் பையன்னா ஓடலாம்."

எல்லோரும் எழுந்து போய்ப் பார்த்தோம்.
சாண் அகலம். ஒன்றரைச் சாண் இருக்கலாம்.

"ஒல்லியா உங்க அண்ணன்?" என்றாள் ஹபீபா.

"எலும்பு," என்றேன்.

அதுவும் ஞாபகமில்லை.